ஆப் விளம்பரத்தின் விலை ஒரே நாளில் ஏறினால் முதலில் எதைப் பார்ப்பது

காலை ஏழே முக்காலுக்கு எங்கள் முதலாளி சாரிடமிருந்து போன் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும், நேற்றைய கணக்கைப் பார்த்துவிட்டார் என்று. "என்னம்மா, நேத்து ஒரு ஆளுக்கு 250 ரூபா ஆயிருக்கு? முந்தாநாள் 140தான இருந்துச்சு? நிறுத்திடலாமா?"

டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான ஒரு ஆப்புக்கு திருச்சியிலிருந்து ஐந்து வருடமாக விளம்பரம் பார்த்து வருகிறேன். செலவில் பெரும்பகுதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில்தான். ஒரு நாளைக்கு 4,000 ரூபாய். பெரிய கம்பெனிகளுக்கு இது சில்லறை. ஆனால் 18% ஜிஎஸ்டியும் சேர்த்தால் மாதம் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் போகிறது. கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களின் சம்பளமும் அதே கல்லாவிலிருந்துதான் போக வேண்டும். அதனால் சார் பதறுவதில் தப்பே இல்லை.

முதல் இரண்டு வருடம் நானும் சேர்ந்து பதறினேன். விலை ஏறிய ஆட் செட்டை (ஒரே பட்ஜெட்டில், ஒரே வகை ஆட்களுக்கு ஓடும் விளம்பரத் தொகுப்பு) உடனே நிறுத்துவேன். நன்றாகப் போவதற்கு பட்ஜெட்டை இரண்டு மடங்காக்குவேன். மத்தியானம் வீடியோவை மாற்றிவிட்டு, ராத்திரி மனசு கேட்காமல் பழையதையே திரும்பப் போடுவேன். வாரக் கடைசியில் உட்கார்ந்து பார்த்தால் எதனால் எது நடந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. அந்த ஏற்ற இறக்கத்தில் பாதி என் கை வேலைதான் என்று புரிய வெகுநாள் ஆனது.

என்னைப் போலத் தனியாளாகவோ, இரண்டு மூன்று பேராகவோ, குறைந்த பட்ஜெட்டில் ஒரு ஆப்புக்கு விளம்பரம் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வருபவர் எண்ணிக்கை நிஜமாகவே குறைந்திருக்கிறதா?

நாங்கள் இன்ஸ்டாலை எண்ணுவதில்லை. ஆப்பை இறக்கி, பதிவு செய்து, ஒரு இலவச மாதிரித் தேர்வை முழுதாக எழுதி முடித்தவரைத்தான் ஒரு ஆள் என்று எண்ணுகிறோம். 4,000 ரூபாய்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 25 பேர் வருகிறார்கள், அதாவது ஆளுக்கு 160 ரூபாய். சார் போன் செய்த நாளுக்கு முந்தைய நாள் வந்தது 16 பேர். அதனால்தான் 250.

இப்போது 25-க்கு வர்க்கமூலம் எடுங்கள்: 5. இரண்டால் பெருக்கினால் 10. சராசரியான 25-உடன் அந்தப் பத்தைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் 15 முதல் 35 வரை வருகிறது. விளம்பரத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆப்பில் ஒன்றும் ஆகவில்லை, போட்டியும் அதேதான் என்று வைத்துக்கொண்டாலும், சுமாராக இருபது நாளில் பத்தொன்பது நாள் எண்ணிக்கை இந்த 15-க்கும் 35-க்கும் நடுவில் எங்காவது விழும். ரூபாயில் சொன்னால் ஒரு ஆளின் விலை 114-லிருந்து 267 வரை எதுவாகவும் இருக்கலாம். மீதி ஒரு நாள் இந்த எல்லையையும் தாண்டும். ஆகவே மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள் காரணமே இல்லாமல் பயங்கரமாகவோ பிரமாதமாகவோ தெரிவது சகஜம்.

16 பேர் இந்த எல்லைக்குள் இருக்கிறது. சாரிடம் அதைத்தான் சொன்னேன். "சார், இது குறைஞ்சதுன்னு சொல்ல முடியாது. மூணு நாள் சேர்த்துப் பார்த்துட்டுச் சொல்றேன்."

நாட்களைச் சேர்க்கச் சேர்க்க எல்லை சுருங்கும். மூன்று நாளைக்கு எதிர்பார்ப்பது 75 பேர். வர்க்கமூலம் எட்டே முக்கால் அளவு, இரட்டித்தால் 17. ஆக 58 முதல் 92 பேர், விலை 130-லிருந்து 207 வரை. ஏழு நாளைக்கு 175 பேர், கூட்டிக் கழிக்க வேண்டியது 26. விலை 139-க்கும் 188-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இந்த மூன்று எல்லைகளையும் ஒரு தாளில் எழுதி என் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒரு நாள் விலை 250 என்றால் எனக்குக் கவலையில்லை. ஏழு நாள் விலை 200 என்றால் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உட்காருவேன். உங்கள் எண்ணிக்கையை வைத்து இதே கணக்கை இன்றே போட்டுவிடுங்கள். பத்து நிமிடம் ஆகாது.

நாளொன்றுக்கு மூன்று நான்கு பேர்தான் வருகிறார்கள் என்றால் நாள் கணக்கு பார்ப்பதே வீண். மூன்றுக்கு எல்லை பூஜ்யத்திலிருந்து ஆறு வரை. அப்படிப்பட்ட எண்ணை வைத்துக்கொண்டு இன்று நன்றாகப் போகிறது, இன்று மோசம் என்று பேசிக்கொள்வதில் ஒரு அர்த்தமும் இல்லை.

இன்னொன்று, கணக்கு பழுக்க நேரம் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை இன்ஸ்டால் செய்தவர் எல்லாரும் செவ்வாயே தேர்வு எழுதுவதில்லை. எங்கள் ஆட்களில் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் நிறைய. அவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் இரண்டு மணி நேரம் ஒதுக்கி உட்காருகிறார்கள். நேற்றைய இன்ஸ்டாலையும் போன வார இன்ஸ்டாலையும் பக்கத்தில் வைத்தால் நேற்றையது எப்போதும் பலவீனமாகத்தான் தெரியும். இன்ஸ்டால் ஆகி முதல் 24 மணி நேரத்தில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று இரு பக்கமும் ஒரே வயதில் வைத்து ஒப்பிட வேண்டும். ஞாயிறை ஞாயிறோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஐபோன் ஆட்கள் அதிகம் இருந்தால் தாமதம் இன்னும் கூடும். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்ததிலிருந்து, பயனர் அனுமதி தராவிட்டால் அவர் எந்த விளம்பரத்தால் வந்தார் என்பது ஆப்பிளின் எஸ்கேஅட்நெட்வொர்க் வழியாக, ஆள் அடையாளம் இல்லாமல், வேண்டுமென்றே தாமதப்படுத்தித்தான் வரும். அதன் நான்காம் பதிப்பில் முதல் தகவலே, இரண்டு நாள் அளவீட்டுக் காலம் முடிந்த பிறகு மேலும் 24 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் கிடைக்கிறது. ஐபோன் கேம்பெயினில் நேற்றைய விலையைப் பார்த்து இன்று முடிவெடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். எங்களுக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு என்பதால் இதற்கு மேல் எனக்கு இதில் அனுபவம் இல்லை.

எந்தக் கண்ணி அறுந்தது

சரி, ஏழு நாள் கணக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. நிஜமாகவே ஏதோ நடந்திருக்கிறது. அப்போதும் நான் ஆட்ஸ் மேனேஜரில், அதாவது ஃபேஸ்புக்கின் விளம்பரக் கட்டுப்பாட்டுப் பக்கத்தில், கை வைப்பதில்லை. முதலில் சங்கிலியை வரிசையாகப் பார்க்கிறேன்.

விளம்பரம் ஆயிரம் முறை காட்டப்பட என்ன செலவு? பார்த்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் தட்டினார்கள்? தட்டியவர்களில் எத்தனை பேர் பிளே ஸ்டோரில் இன்ஸ்டால் செய்தார்கள்? இன்ஸ்டால் செய்தவர்களில் எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் பதிவை முடித்தார்கள், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள்? ஒவ்வொரு படிக்கும் போன மாத விகிதம் ஒரு பக்கம், இந்த வார விகிதம் ஒரு பக்கம். அநேகமாக ஏதாவது ஒரு படி மட்டும் சரிந்திருக்கும், மற்றவை பழையபடியே இருக்கும். சரிந்த படி எதுவோ அங்கேதான் வேலை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றிலிருந்து விலை ஏற ஆரம்பித்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று நான்கு நாள் விளம்பரங்களோடு மல்லுக்கட்டினேன். மூன்று வீடியோக்களை மாற்றினேன், வயது வரம்பை மாற்றினேன், பட்ஜெட்டை இறக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, அம்மாவின் பழைய போனை எடுத்து, ஆப்பை அழித்துவிட்டு விளம்பரம் வழியாகவே புதிதாக இறக்கி, ஒரு புது ஆள் போலப் பதிவு செய்து பார்த்தேன். போன் நம்பர் போட்டேன். ஓடிபி வரவில்லை. 'மறுபடி அனுப்பு' தட்டினேன். வரவில்லை. என் நம்பரைப் போட்டேன். அதற்கும் வரவில்லை. அந்தத் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கு நாளாக நாங்கள் காசு கொடுத்துக் கூட்டி வந்த அத்தனை பேரும் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

என்ன ஆயிற்று என்றால், ஆப் எழுதும் தம்பி வியாழக்கிழமை சாயங்காலம் ஓடிபி செய்தியின் வாசகத்தைக் கொஞ்சம் அழகுபடுத்தியிருக்கிறான். நல்லெண்ணத்தில்தான். ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, நிறுவனம் அனுப்பும் எஸ்எம்எஸ் வாசகம் டிஎல்டி எனப்படும் எஸ்எம்எஸ் பதிவுத் தளத்தில் முன்பே பதிவு செய்து ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட்டோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் செய்தி போகாது. "அக்கா, ஒரு வார்த்தைதான் மாத்துனேன்" என்றான். பழைய வாசகத்தைத் திரும்பப் போட்டதும் பதினைந்து நிமிடத்தில் பதிவுகள் வர ஆரம்பித்தன.

வெள்ளிக்கிழமையே சங்கிலியைப் பார்த்திருந்தால், ஆயிரம் முறைக்கான செலவு மாறவில்லை, தட்டும் விகிதம் மாறவில்லை, இன்ஸ்டால் மாறவில்லை, பதிவு மட்டும் விழுந்திருக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்கும். பாதிச் செலவில் நின்றிருக்கும். அதற்கப்புறம் இரண்டு பழக்கங்களைக் கைவிடாமல் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் விளம்பரக் கணக்கைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் பழைய போனில் ஆப்பைப் புதிதாக இறக்கி, பதிவு வரை ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். தம்பி ஆப்பில் எதை மாற்றினாலும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட வேண்டும்.

பழைய போன் என்று சொன்னது காரணத்தோடுதான். சாரும் தம்பியும் வைத்திருக்கும் போன்களில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். எங்கள் ஆட்களில் நிறைய பேர் வைத்திருப்பது நினைவகம் குறைந்த, மூன்று நான்கு வருடம் ஓடிய போன்கள். புது வெளியீடு ஒன்று அவற்றில் மட்டும் திறந்தவுடன் விழுந்தால் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆப் வெளியிடுபவர்களுக்கான கூகுளின் பிளே கன்சோலில் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் பக்கத்தைப் பாருங்கள். பயனர் உணரும் கிராஷ் (ஆப் தானாக மூடிக்கொள்வது) விகிதம் 1.09 சதவீதத்தையோ, ஆப் பதில் சொல்லாமல் உறையும் விகிதம் 0.47 சதவீதத்தையோ தாண்டினால் மோசமான நடத்தை என்று கூகுள் எடுத்துக்கொள்கிறது. ஸ்டோரில் ஆப் கண்ணில் படுவதும் அதனால் குறையலாம்.

எண்ணிக்கை திடீரென்று இரட்டிப்பானாலும் சந்தோஷப்படும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆப்புக்குள் சேர்த்திருக்கும் ஃபேஸ்புக்கின் நிரல் தொகுப்பான எஸ்டிகே ஒரு பக்கமும், யார் எந்த விளம்பரத்தால் வந்தார் என்று எண்ணும் அளவீட்டுக் கருவி ஒரு பக்கமும் ஒரே நிகழ்வை (பதிவு, தேர்வு முடித்தது போன்றவை) அனுப்பினால் ஒருவர் இரண்டு பேராக எண்ணப்படலாம். அதைச் சரிசெய்யும் நாளில் 'விழுந்துவிட்டது' என்று தோன்றும். உண்மையில் விழுந்திருக்காது.

வெளியே என்ன நடக்கிறது

விளம்பரம் ஏலத்தில் விற்கப்படுகிறது. யார் எவ்வளவு தரத் தயார், பார்ப்பவர் நாம் கேட்பதைச் செய்வதற்கு எவ்வளவு வாய்ப்பு, விளம்பரத்தின் தரம் எப்படி, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் ஜெயிப்பது யார் என்று முடிவாகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் துணிக்கடை, நகைக்கடை, செல்போன் கடை எல்லாம் அதே திரைக்குப் போட்டி போடும்போது நாங்கள் அதே வீடியோவுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆடித் தள்ளுபடி நேரத்திலும் இதைப் பார்க்கிறேன். ஐபிஎல் மாதங்களிலும்தான். அப்போது ஆயிரம் முறைக்கான செலவு மட்டும் ஏறியிருக்கும், கீழே உள்ள விகிதங்கள் எல்லாம் பழையபடி இருக்கும். இது நம் தவறில்லை. வீடியோவை மாற்றினாலும் தீராது. பொறுத்துக்கொள்வதா, அந்த இரண்டு வாரம் பட்ஜெட்டைக் கொஞ்சம் குறைப்பதா என்பது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு.

எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய அலை தேர்வாணையத்தின் அறிவிப்பு. 2024-இல் குரூப் 4 அறிவிப்பு ஜனவரி 30-ஆம் தேதி வந்தது, தேர்வு ஜூன் 9. 2025-இல் அறிவிப்பு ஏப்ரல் 25, தேர்வு ஜூலை 12. இப்போது 2025 மார்ச்சை 2024 மார்ச்சோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? ஒன்றில் விண்ணப்பம் போட்டுவிட்டு வெறியோடு படித்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னொன்றில் அறிவிப்பே வரவில்லை. சார் அப்படி ஒப்பிட்டுத்தான் 'போன வருஷத்தைவிட ரொம்ப மோசம்' என்றார். அதன் பிறகு நாட்காட்டித் தேதியை விட்டுவிட்டு 'தேர்வுக்கு இத்தனை வாரம் முன்பு' என்று கணக்கு வைத்திருக்கிறேன். தேர்வுக்குப் பத்து வாரம் முன்பு என்பதைப் போன தேர்வின் பத்தாவது வாரத்தோடு ஒப்பிட்டால் கதையே வேறாக இருக்கிறது. உங்கள் ஆப் பள்ளிப் பாடமாக இருந்தால் பரீட்சை அட்டவணை, விவசாயமாக இருந்தால் விதைப்பு, கடனாக இருந்தால் சம்பளத் தேதி. உங்கள் ஆட்கள் எந்த நாட்காட்டியில் வாழ்கிறார்களோ அதில்தான் எண்ண வேண்டும்.

கணக்கு தானாக ஆடாதபடி அமைப்பது

ஒரு காலத்தில் எங்களுக்கு ஒன்பது ஆட் செட் இருந்தது. சென்னைக்கு ஒன்று, மதுரைக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று, நெல்லைக்கு ஒன்று என்று மாவட்டம் மாவட்டமாகப் பிரித்திருந்தேன். மிகவும் ஒழுங்காக வைத்திருப்பதாக நினைத்தேன். 4,000 ரூபாயை ஒன்பதால் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 444 ரூபாய். நாளுக்கு மூன்று பேர்கூட இல்லை, வாரத்துக்கு 19 பேர்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் அமைப்பில் ஒவ்வொரு ஆட் செட்டும் முதலில் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் இருக்கும். கடைசிப் பெரிய மாற்றத்துக்குப் பிறகு ஒரு வாரத்தில் சுமார் 50 முறை நாம் கேட்ட நிகழ்வு நடந்தால்தான் அது நிலைப்படும். அதுவரை விலை தாறுமாறாக ஆடும் என்று அவர்களே சொல்கிறார்கள். வாரத்துக்கு 19 பேர் வரும் ஆட் செட் ஒருநாளும் அந்தக் கட்டத்தைத் தாண்டப் போவதில்லை. ஒன்பதையும் இரண்டாகச் சுருக்கினேன். ஒவ்வொன்றுக்கும் வாரம் 87 பேர் கிடைத்தார்கள். ஆட்டம் அடங்கியதற்கு வேறு எந்த ஒரு மாற்றத்தையும் விட இதுதான் அதிகம் உதவியது. இப்போது யாராவது ஆலோசனை கேட்டு வந்தால் நான் முதலில் கேட்பது, "எத்தனை ஆட் செட் வெச்சிருக்கீங்க?"

ஆள் வரையறையை மாற்றுவது, விளம்பரத்தையே திருத்துவது, ஆட் செட்டுக்குள் புது விளம்பரம் சேர்ப்பது, எந்த நிகழ்வுக்காக ஓட வேண்டும் என்பதை மாற்றுவது, ஏல உத்தியை மாற்றுவது, ஏழு நாளோ அதற்கு மேலோ நிறுத்தி வைத்துத் திரும்பத் தொடங்குவது. இவை ஒவ்வொன்றும் கற்றலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து வைக்கும். நான் முன்னால் செய்துகொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா? மத்தியானம் மாற்றி, ராத்திரி திருப்பி. ஒரே நாளில் இரண்டு முறை அதை முதல் வகுப்புக்கு அனுப்பியிருக்கிறேன்.

பட்ஜெட் மாற்றம் அளவைப் பொறுத்தது. சின்ன மாற்றம் பாதிக்காது, பல மடங்கு ஏற்றினால் பாதிக்கலாம். ஒரு தடவைக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை, அடுத்த ஏற்றத்துக்கு முன் மூன்று நான்கு நாள் விடுவது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலர் வைத்திருக்கும் வழக்கம். எழுதப்பட்ட விதி கிடையாது, ஆனால் எனக்கு அது கைகொடுக்கிறது. 4,000-லிருந்து 8,000-க்குப் போக எனக்கு இரண்டு வாரம் ஆகும். குரூப் 4 அறிவிப்பு வந்த அன்று ஏற்றலாம் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும். எதிர்பார்க்கும் தேதிக்கு முன்பே படியேற ஆரம்பித்துவிட வேண்டும்.

செலவும் ஆடும், அதைப் பார்த்தும் பயந்துவிடக் கூடாது. நாள் பட்ஜெட் 4,000 என்றால் அது சராசரிதான். வாய்ப்பு நன்றாக இருக்கும் நாளில் மெட்டா 75% வரை கூடுதலாக, அதாவது 7,000 வரை செலவழிக்கலாம். வாரத்துக்கு மொத்தம் 28,000-ஐத் தாண்டாது. சாருக்கு இதை முதலிலேயே சொல்லாமல் விட்டு ஒரு தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எந்த நிகழ்வைக் கேட்டு ஓட்டுவது என்பதைக் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். ஆரம்பத்தில் வெறும் இன்ஸ்டாலைக் கேட்டோம். மலிவாகக் கொட்டியது. ஆனால் எந்த இடத்தில் காட்டப்பட்டது என்று பிரித்துப் பார்த்தபோது, பெரும்பகுதி ஆடியன்ஸ் நெட்வொர்க் வழியாக மற்ற ஆப்களுக்குள் வந்தது. அவர்களில் மாதிரித் தேர்வு எழுதியவர் யாருமே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. பிறகு நேர் எதிர்ப் பக்கம் போய், பணம் கட்டுபவரைக் கேட்டோம். நாளுக்கு மூன்று பேர். கற்றுக்கொள்ள அது போதவில்லை, விலை ஒரு நாள் 700, மறுநாள் 4,000 என்று குதித்தது. நடுவில் நின்றதுதான் 'மாதிரித் தேர்வை முடித்தவர்'. வாரத்துக்கு நூற்றுக்கு மேல் நடக்கிறது, இன்ஸ்டால் ஆகி ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் நடந்துவிடுகிறது, பணம் கட்டுபவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் அதைக் கடந்துதான் போகிறார்கள். உங்கள் ஆப்பிலும் இந்த மூன்றுக்கும் பொருந்துகிற ஒரு படி இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் செலவானாலும் தகும்.

வீடியோ சலித்துப்போவது

எங்களுக்கு நெடுநாள் உழைத்த வீடியோ ஒன்று உண்டு. தையல் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், மெஷின் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, துணியை மடித்துக்கொண்டே பொதுத்தமிழ் கேள்விக்குப் பதிலை வாய்விட்டுச் சொல்வாள். போனில் எடுத்தது, மெஷின் சத்தம் அப்படியே கேட்கும். காசு கொடுத்து எடுத்த பளபளப்பான விளம்பரத்தைவிட அதுதான் ஆட்களைக் கொண்டு வந்தது. எத்தனையோ பேர் தங்களை அதில் பார்த்திருக்கிறார்கள் என்று இன்றும் நம்புகிறேன். அதுவும் ஒரு கட்டத்தில் தேய ஆரம்பித்தது.

தேய்மானம் ஒரே நாளில் வராது. ஒருவர் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்ற எண் மெல்ல ஏறும், தட்டும் விகிதம் மெல்ல இறங்கும், இரண்டு மூன்று வாரமாக ஒரே திசையில் போகும். நேற்று நன்றாக இருந்து இன்று விழுந்தது என்றால் வீடியோவைக் குற்றம் சொல்லாதீர்கள். அது வேறு ஏதோ.

புது வீடியோக்களை ஓடிக்கொண்டிருக்கும் ஆட் செட்டுக்குள் நேரடியாகப் போடுவதில்லை. தனியாக ஒரு சோதனைக் கேம்பெயின், நாளுக்கு 600 ரூபாய், ஒரு நேரத்தில் இரண்டு வீடியோ. முதலில் பார்ப்பது, காட்டப்பட்டவர்களில் எத்தனை பேர் மூன்று விநாடி நின்றார்கள் என்பதை. அந்த எண் சீக்கிரமே ஆயிரக்கணக்கில் சேரும் என்பதால் நம்பலாம். பிறகுதான் தேர்வு முடித்தவர் கணக்கு. தேறியதை மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும், ஒரே நாளில் மொத்தமாகப் பெரிய ஆட் செட்டுக்குள் சேர்க்கிறேன். அந்த வாரம் விலை ஆடும் என்று சாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உடனே கை வைக்க வேண்டியவை

பொறுமை எல்லா இடத்திலும் செல்லாது. செலவு ஓடிக்கொண்டிருக்க நிகழ்வு ஒன்றுகூட மதியம் வரை பதிவாகவில்லை, ஸ்டோர் இணைப்பு திறக்கவில்லை, விளம்பரத்தில் பழைய விலையோ தவறான தேர்வுத் தேதியோ போய்விட்டது, இப்படி எதுவானாலும் யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டுத்தான் போன் செய்வேன். எங்கள் பிள்ளைகள் தேதியை நம்பித்தான் விண்ணப்பிக்கிறார்கள். கார்டில் பணம் கழியாமல் கணக்கு நின்றுபோவதும் உண்டு. அதனால் மாதக் கடைசியில் இருப்பை ஒரு தடவை பார்த்துவிடுவேன்.

மற்றதற்கெல்லாம் ஒரு நோட்டு. நாற்பது பக்க சாதா நோட்டுதான். தேதி, என்ன மாற்றினேன், ஏன், எந்தத் தேதியில் திரும்பப் பார்ப்பேன், அதுவரை எதைத் தொடமாட்டேன். ஆட்ஸ் மேனேஜரில் மாற்றங்களின் வரலாறு இருக்கிறது, ஆனால் அதில் 'ஏன்' இருக்காது. தம்பி செய்த ஆப் மாற்றமும், தேர்வாணைய அறிவிப்பும், விடுமுறை நாளும் அதே நோட்டில் அதே வரிசையில் ஏறும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டு செய்யத் தோன்றினால் இரண்டாவதை அடுத்த வாரத் தேதியில் எழுதி வைத்துவிடுவேன்.

மாதக் கடைசியில் விளம்பரக் கணக்கை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு வகுத்தல் போடுகிறேன். விளம்பரத்தால் வந்தவர், தானாக வந்தவர் என்று பிரிக்காமல், அந்த மாதம் புதிதாகப் பணம் கட்டிய மொத்தப் பேரால் மொத்த விளம்பரச் செலவை வகுப்பது. யார் எதனால் வந்தார் என்று கருவிகள் மாற்றி மாற்றிச் சொல்லும். வங்கிக் கணக்கில் விழுந்த பணம் மாற்றிச் சொல்லாது. கேம்பெயின் விலை ஆடிக்கொண்டிருக்க, இந்த எண் மூன்று மாதமாக ஒரே இடத்தில் நின்றால் நான் பெரிதாக எதையும் மாற்றுவதில்லை.

சாரும் நானும் இப்போது ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். திங்கட்கிழமை பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் நான்கு வரி அனுப்புவேன். இந்த வாரம் அனுப்பியது இது:

"சார், ஏழு நாள் 171 பேர், ஆளுக்கு 164 ரூபாய். எல்லைக்குள்தான் இருக்கு. வியாழன் 14 பேர்தான், அன்னைக்கு ஆப்பிலும் விளம்பரத்திலும் எதுவும் மாறல, விட்டுட்டேன். தையல் வீடியோவைத் தட்டுறவங்க மூணு வாரமா குறையுறாங்க, புதுசா ரெண்டு சோதனையில ஓடுது. வர்ற வியாழன் வரைக்கும் பெரிய ஆட் செட்ட தொடமாட்டேன்."

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. போன் வரவில்லை.